பாலத்துக்கு இந்தப் பக்கம் வீடு மலிவா?

சொத்து மதிப்பீடு என் தொழில். சிங்கப்பூரிலிருந்து பாலம் கடந்ததும் வரும் மலேசிய நகரமான ஜொகூர் பாருவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வங்கிகளுக்கு வீடுகளை அளந்து விலை போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். லேசர் அளவுகோல், கேமரா, டார்ச் விளக்கு, நில அலுவலகத்தில் எடுத்த கிரான் (நிலப் பட்டா) நகல் ஆகியவை எப்போதும் என் பையில் இருக்கும். அடுக்குமாடி வீடாக இருந்தால் எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தராத இன்னொரு வேலையும் செய்வேன். இரவு எட்டரை மணிக்கு எதிர்ச்சாலையில் காரை நிறுத்திவிட்டு, விளக்கு எரியும் சன்னல்களை எண்ணுவேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நீரிணையோரக் கட்டடம் ஒன்றை அப்படி எண்ணினேன். சாலையைப் பார்த்த முகத்தில் 34 மாடி, மாடிக்கு எட்டு வீடு, ஆக 272. விளக்கு எரிந்தவை 41. மறுநாள் காலை உள்ளே போனால் மூன்று மின்தூக்கிகளில் ஒன்றுதான் ஓடியது. அஞ்சல் பெட்டிகளில் மின்கட்டணச் சீட்டுகள் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தன. நான் அளக்க வேண்டிய வீடு 26ஆம் மாடியில். பால்கனிக் கதவைத் திறந்தேன். நீரிணைக்கு அப்பால், நேர் எதிரே, சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் அந்நாட்டு அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடிகள். கேமராவை இழுத்துப் பார்த்தால் மாடிக்கு மாடி கழிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் கிடப்பது ஒரு கிலோமீட்டர் தண்ணீர். அந்தக் கரையில் வீட்டுக்கு வரிசை. இந்தக் கரையில் வீடுகள் ஆளுக்குக் காத்திருக்கின்றன.

வாரத்துக்கு ஒருவராவது என்னைக் கேட்கும் கேள்வி இது: "சிங்கப்பூரில் விலை தாங்க முடியவில்லை. ஜொகூரில் மலிவாக இருக்கிறதே, ஒன்று வாங்கிப் போடலாமா?" கேட்கிறவர்கள் பெரும்பாலும் நம் பிள்ளைகள்தாம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து மோட்டார் சைக்கிளில் பாலம் கடக்கிறவர்கள், சிங்கப்பூரில் நிரந்தரவாசம் வாங்கியவர்கள், அங்கே கட்டிக்கொடுத்த மகளுக்காக விசாரிக்கும் அப்பாக்கள். சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் என்று பெருக்கிப் பார்த்துவிட்டு வருவார்கள். அந்தப் பெருக்கல்தான் முதல் சிக்கல்.

ஒரு தம்பதியின் கதையிலிருந்து தொடங்குகிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். கணவர் ஜொகூரில் உள்ள கூலாய்க்காரர், சிங்கப்பூர் நிரந்தரவாசி. மனைவி சிங்கப்பூர்க் குடிமகள். திருமணத்துக்கு முன்பே, 2017இல், கணவர் ஜொகூர் பாருவில் புதிய அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்கிவிட்டார். ஒப்பந்தத்தில் எழுதிய விலை 5 லட்சத்து 20 ஆயிரம் ரிங்கிட். "முன்பணமே வேண்டாம், தள்ளுபடியாகக் கழித்துக்கொள்கிறோம்" என்று விற்பனை அரங்கில் சொன்னார்கள். விலையைப் பத்து, பதினைந்து விழுக்காடு ஏற்றி எழுதி, ஏற்றியதைத் தள்ளுபடி என்று திருப்பித் தருவது எங்கள் ஊரில் பழைய வித்தை. வங்கி ஏற்றிய விலைக்குக் கடன் கொடுக்கும். கையில் காசு இல்லாதவருக்கும் சாவி கிடைத்துவிடும்.

2022இல் இருவரும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். சிங்கப்பூரில் வீவகவின் பிடிஓ வீட்டுக்கு, அதாவது விண்ணப்பம் வாங்கிக்கொண்டு கட்டித் தரும் புது வீட்டுக்கு, விண்ணப்பிக்கப் போனபோதுதான் விதி தெரிந்திருக்கிறது. வீவகவிடம் புது வீடு வாங்க விண்ணப்பிக்கிறவருக்குத் தனியார் வீடு எதுவும் சொந்தமாக இருக்கக்கூடாது. விண்ணப்பத்துக்கு முந்தைய 30 மாதங்களுக்குள் எதையும் விற்றிருக்கவும் கூடாது. தனியார் வீடு என்பதில் வெளிநாட்டு வீடும் அடக்கம். பாலத்துக்கு இந்தப் பக்கம் இருப்பதும் வெளிநாடுதான், என்னதான் நாம் நாசி லெமாக் சாப்பிட நடந்தே போய் வந்தாலும்.

விற்றுவிடலாம் என்று என்னிடம் மதிப்புக் கேட்டார்கள். கட்டடத்தில் அதற்கு முந்தைய ஆண்டு கைமாறிய வீடுகளையும், ஏலத்துக்கு வந்தவற்றையும் பார்த்துவிட்டு நான் எழுதிய எண் 3 லட்சத்து 70 ஆயிரம். வங்கிக்குத் தர வேண்டிய பாக்கி 4 லட்சத்து 40 ஆயிரம். வீட்டை விற்கவே 70 ஆயிரம் ரிங்கிட் கையிலிருந்து போட வேண்டும். மனைவி ஒன்றும் பேசவில்லை. கணவர் மட்டும், "அங்கிள், நான் வாங்கியது ஏமாற்று வேலையா?" என்று கேட்டார். என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. 2023 மார்ச்சில் விற்று முடித்தார்கள். அன்றைக்குத்தான் முப்பது மாதக் கணக்கின் முதல் நாள்.

இரண்டு நாடுகளின் வீட்டுச் சந்தையும் ஏன் இப்படித் தலைகீழாக நிற்கின்றன என்பதற்கு எனக்குப் பிடித்த விளக்கம் ஒரே ஆண்டில் இருக்கிறது. 1966. சிங்கப்பூர் பிரிந்து போய் அடுத்த ஆண்டு. அந்த ஆண்டில் சிங்கப்பூர் நில எடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் மலேசியா வீடமைப்பு மேம்பாட்டாளர்களுக்கு உரிமம் கொடுத்துக் கட்டுப்படுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு நாடு நிலத்தைத் தானே எடுத்துத் தானே கட்டுவது என்று முடிவெடுத்தது. இன்னொரு நாடு தனியார் கட்டட்டும், நாம் கண்காணிப்போம் என்றது. மற்றதெல்லாம் அதன் கிளைகள்.

சிங்கப்பூரில் அதற்கு முன்பே அடித்தளம் இருந்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 பிப்ரவரியில் தொடங்கியது. அடுத்த ஆண்டு மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறக்குறைய 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். அந்தச் சாம்பல் மேட்டில் அடுக்குமாடிகள் எழுந்த வேகம்தான் வீவகவுக்குப் பெயர் வாங்கித் தந்தது. 1964இல் சொந்த வீட்டுத் திட்டம், 1968இல் மத்திய சேமநிதியை வீட்டுக்குப் பயன்படுத்த அனுமதி. இன்று அந்த நாட்டு நிலத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு அரசிடம். இதில் நாம் மறந்துவிடுகிற ஒரு பக்கமும் உண்டு. எடுத்த நிலத்துக்குச் சந்தை விலை கொடுக்கவில்லை. நீண்ட காலம் 1973 நவம்பர் 30 அன்றைய மதிப்போ, அறிவிப்பு நாளின் மதிப்போ, எது குறைவோ அதுதான் இழப்பீடு. முழுச் சந்தை மதிப்பு என்று சட்டம் மாறியது 2007இல். கம்பத்து மக்களும் தோட்டம் வைத்திருந்தவர்களும் கொடுத்த விலையின் மேல்தான் இன்றைய நாலறை வீடு நிற்கிறது. மதிப்பீட்டாளன் என்ற முறையில் எனக்கு அது உறுத்தும். வாடகை வீட்டில் வளர்ந்தவன் என்ற முறையில் பொறாமையாகவும் இருக்கும்.

கணக்கைப் பார்ப்போம். ஆளுக்கு 3,500 வெள்ளி சம்பாதிக்கும் இளந்தம்பதி, மாதம் 7,000. 2024இல் சிங்கப்பூரின் இடைநிலைக் குடும்ப வருமானம் 11,297 வெள்ளி. இவர்கள் அதற்கு நன்றாகவே கீழே. இன்னும் முழுதாக வளர்ந்திராத பேட்டையில் புதிய நாலறை வீடு 3 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மானியத்தைக் கணக்கில் எடுக்காமலே, வீவக கொடுக்கும் 75 விழுக்காட்டுக் கடனுக்கு 2.6 விழுக்காடு வட்டி, 25 ஆண்டு என்றால், தவணை மாதம் 1,190 வெள்ளி அளவில் வரும். 35 வயதுக்கு உட்பட்டவரின் சம்பளத்தில் 23 விழுக்காடு மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்குக்குப் போகிறது. இருவருக்கும் சேர்த்து 1,610 வெள்ளி. தவணை முழுவதும் அதிலேயே அடங்கிவிடுகிறது. பாக்கெட்டிலிருந்து ஒரு காசு போகாது.

இப்போது இந்தப் பக்கம். 2022இல் ஜொகூரின் இடைநிலைக் குடும்ப வருமானம் 6,879 ரிங்கிட். நான் வாரந்தோறும் அளக்கிற சராசரி இரட்டைமாடி வரிசை வீடு, கொஞ்சம் பழைய தாமானில் (குடியிருப்புப் பேட்டையில்), 5 லட்சம் ரிங்கிட். பத்து விழுக்காடு முன்பணம் 50 ஆயிரம். வழக்கறிஞர் கட்டணமும் முத்திரைத் தீர்வையும் தனி. மீதி நாலரை லட்சத்துக்கு 4.2 விழுக்காட்டில் 35 ஆண்டு என்றால் மாதம் 2,050 ரிங்கிட் அளவில். வருமானத்தில் முப்பது விழுக்காடு, கையில் வாங்கும் சம்பளத்திலிருந்து. அதோடு எங்கள் தாமானிலிருந்து வேலைக்குப் போக நம்பத்தக்க பஸ் கிடையாது. கணவருக்கு ஒரு கார், மனைவிக்கு ஒரு கார். வீட்டு விலையில் காரின் விலையையும் சேர்த்துப் பார்க்காதவர்கள் ஜொகூரைப் பற்றிப் பேசவே கூடாது என்பது என் கட்சி.

அதே 5 லட்சம் ரிங்கிட் சிங்கப்பூரில் சம்பாதிக்கிறவருக்கு ஒன்றரை லட்சம் வெள்ளி. அவருக்கு அது மலிவு. பக்கத்து வீட்டுத் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு அது பாரம். இருவரும் ஒரே வீட்டுக்குத்தான் போட்டி போடுகிறார்கள். 1973 வரை இரண்டு நாட்டுப் பணமும் ஒன்றுக்கொன்று சமமாகச் செல்லுபடியானது. என் அப்பா சொல்வார், சிங்கப்பூருக்குப் போனால் பணத்தை மாற்றுகிற வேலையே இல்லை என்று. இன்று ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். அந்த இடைவெளிதான் எங்கள் ஊர் விலையை ஊர்க்காரர் கைக்கு எட்டாமல் பிடித்திருக்கிறது.

வீடு விற்காமல் கிடக்கிறது என்றால் விலை இறங்க வேண்டாமா என்று கேட்பீர்கள். 2023 இறுதியில் மலேசியா முழுவதும் கட்டி முடித்தும் விற்பனையாகாமல் கிடந்த குடியிருப்புகள் 25,816. விற்பனைக்கு விட்டு ஒன்பது மாதத்துக்கு மேல் ஆனவற்றை மட்டும் எண்ணிய கணக்கு இது. வணிக நிலத்தில் எழுந்த சேவை அடுக்ககங்கள் இதில் இல்லை. அவை தனிப் பட்டியல், அதில் ஜொகூர் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. ஆனால் காலியாகக் கிடக்கிற வீடும் மக்களுக்கு வேண்டிய வீடும் வேறு வேறு. 2016இல் மலேசிய மத்திய வங்கி ஒரு கணக்குச் சொன்னது: இடைநிலைக் குடும்பத்தால் தாங்கக்கூடிய விலை 2 லட்சத்து 82 ஆயிரம் ரிங்கிட், சந்தையில் இருந்த இடைநிலை விலை 3 லட்சத்து 13 ஆயிரம். வெளிநாட்டுக்காரர் ஜொகூரில் 10 லட்சம் ரிங்கிட்டுக்குக் குறைந்த வீட்டை வாங்க முடியாது என்ற விதி 2014இல் வந்தது. உள்ளூர்க்காரரைப் பாதுகாக்கிற நல்ல விதிதான். மேம்பாட்டாளர்கள் அதைப் பார்த்துப் பத்து லட்சத்து ஐந்தாயிரத்துக்கு வீடு கட்டினார்கள். வாங்க வேண்டிய வெளிநாட்டுக்காரர் வரவில்லை, உள்ளூர்க்காரருக்குக் கட்டுப்படியாகவில்லை. கெலாங் பாத்தா பக்கம் கடலைத் தூர்த்து எழுப்பிய ஃபாரஸ்ட் சிட்டி அதன் பெரிய சாட்சி. ஏழு லட்சம் பேர் வாழப்போகும் நகரம் என்று திட்டமிட்டார்கள். சாயங்காலம் போய்ப் பாருங்கள், என் விளக்கு எண்ணும் வேலை அங்கே வெகு சீக்கிரம் முடிந்துவிடும்.

மேம்பாட்டாளரை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. ஒரு தாமான் கட்ட வேண்டுமென்றால் சாலைக்கும் துணை மின்நிலையத்துக்கும் கழிவுநீர்க் குளத்துக்கும் நிலம் அவர்தான் ஒதுக்க வேண்டும். ஒரு பங்கு வீடுகளை மலிவு விலையில் கட்டியாக வேண்டும். அந்த நட்டத்தை மீதி வீடுகளின் மேல் ஏற்றுவார். அதாவது ஏழையின் வீட்டுக்கு மானியம் கொடுப்பது அரசு அல்ல, அதே தாமானில் வாங்குகிற நடுத்தர வர்க்கம். சிங்கப்பூரில் அந்தப் பொறுப்பு அரசு நிதியில். வீவக ஆண்டுதோறும் பற்றாக்குறை காட்டும்; 2022-23 நிதியாண்டில் அது 5 பில்லியன் வெள்ளிக்கு மேல். நிலம் அரசினுடையது, நில விலையும் அரசுக்கே திரும்பிப் போகிறது, பிறகென்ன பற்றாக்குறை என்று அங்கேயே சிலர் கேட்பதுண்டு. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

மலேசிய அரசும் முயன்றது. 2012இல் சட்டம் இயற்றி பிரிமா என்ற கழகத்தைத் தொடங்கினார்கள். ஐந்து லட்சம் வீடுகள் என்றார்கள். தொட்டது அதில் மிகச் சிறிய பங்கு. நிலம் கூட்டரசிடம் இல்லை, மாநிலங்களிடம் இருக்கிறது. அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை அப்படித்தான் பிரித்திருக்கிறது. நிலம் கையில் இல்லாதவர் வீட்டு எண்ணிக்கையைப் பற்றி வாக்குக் கொடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

சரி, அப்படியானால் சிங்கப்பூர் சொர்க்கமா? என் அக்கா ஈசூனில் இருக்கிறார், எண்பதுகளில் கட்டிய நாலறை வீட்டில். அத்தான் ஓய்வு பெற்ற பிறகு வீட்டை விற்றுச் சின்ன வீட்டுக்குப் போக நினைத்தார். முகவர் இரண்டு செய்திகள் சொன்னார். முதலாவது, குத்தகை. வீவக வீடு என்பது 99 ஆண்டுகளுக்கு மட்டும். அக்கா வீட்டில் மீதி அறுபதை நெருங்கிக்கொண்டிருக்கிறது. 2019 முதல் ஒரு விதி உண்டு: வாங்குகிறவருக்கு 95 வயதாகும் வரையில் குத்தகை நீடிக்காவிட்டால், சேமநிதியை எடுக்கும் தொகை குறைந்துவிடும். 30 வயது இளைஞர் இந்த வீட்டைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டு நகர்ந்துவிடுவார். குத்தகை முடிந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு முன்னுதாரணம் வந்துவிட்டது. கேலாங் லோரோங் 3இல் 60 ஆண்டுக் குத்தகையில் இருந்த 191 தனியார் தரைவீடுகள் 2020 டிசம்பர் 31 அன்று அரசுக்கே திரும்பின. இழப்பீடு கிடையாது. அவை வீவக வீடுகள் அல்ல, ஆனால் குத்தகை என்ற சொல்லுக்குப் பொருள் ஒன்றுதான்.

இரண்டாவது செய்தி, இன விகிதம். 1989 முதல் ஒவ்வொரு கட்டடத்திலும் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு என்பதற்கு வரம்பு உண்டு. 2010 முதல் இந்தியருக்கும் மற்றவர்க்கும் சேர்த்துக் கட்டடத்துக்கு 15, சீனருக்கு 87. அக்காவின் கட்டடத்தில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டது. சீன உரிமையாளர் விற்றால் சீனருக்கு விற்கலாம், எண்ணிக்கை மாறாது. அக்கா விற்றால் சீனருக்கு விற்க முடியாது. வாங்கக்கூடியவர்களில் பெரும்பான்மையோர் கதவுக்கு வெளியே. ஏழு மாதம் காத்திருந்து, அதே கட்டடத்தில் ஒரு மாடி மேலே போன விலையைவிட முப்பதாயிரம் வெள்ளி குறைவாகத்தான் கேட்டு வந்தார்கள். அத்தான் பலகையை எடுத்துவிட்டார். இப்படி மாட்டிக்கொள்கிற நெடுநாள் உரிமையாளர்களிடமிருந்து வீட்டைத் தானே வாங்கிக்கொள்ளும் வழி ஒன்றை வீவக 2022 மார்ச்சில் கொண்டுவந்தது. சிறுபான்மையினர் ஒதுங்கி வாழும் பேட்டை உருவாகாமல் தடுத்த கொள்கை என்பதில் எனக்கு ஐயமில்லை. அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தப் பக்கமும் இனக்கணக்குக்குக் குறைவில்லை. புதிய வீட்டுத் திட்டத்தில் ஒரு பங்கு பூமிபுத்ராவுக்கு, அதாவது மலாய்க்காரர் முதலான மண்ணின் மைந்தருக்கு, ஒதுக்கீடு, அவர்களுக்கு விலையில் கழிவு. அளவு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அங்கே மறுவிற்பனையில், இங்கே முதல் விற்பனையில். தமிழன் இரண்டு கரையிலும் கணக்கின் ஓரத்தில் நிற்கிறான்.

என் அப்பா அம்மா இருந்தது ரப்பர்த் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில். வீடு தோட்டத்துக்குச் சொந்தம், வேலை இருக்கும் வரை குடியிருப்பு. தோட்டம் கைமாறியபோது மூன்று மாதம் அவகாசம் கொடுத்தார்கள். அப்பா இருபத்தெட்டு ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர். வெளியே வரும்போது அவரிடம் வீட்டுக்கான ஒரு தாளும் கிடையாது. அந்த நிலத்தில் இப்போது ஒரு தாமான் இருக்கிறது. சென்ற ஆண்டு வங்கி என்னை அங்கே ஒரு வீட்டுக்கு அனுப்பியது. லயத்துக் கிணறு இருந்த இடத்தில் விளையாட்டு மைதானம். வீட்டின் மதிப்பு 6 லட்சத்து 80 ஆயிரம் என்று எழுதிவிட்டு வந்தேன்.

ஜொகூரில் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்கிறவற்றை உங்களிடமும் கேட்கிறேன். கையெழுத்துப் போடப்போகும் ஒப்பந்தம், நான் முன்பு சொன்ன 1966ஆம் ஆண்டு மலேசிய வீடமைப்புச் சட்டத்தின் கீழ் வருகிறதா? தரைவீடென்றால் ஜி அட்டவணையில் உள்ள ஒப்பந்தப் படிவம், 24 மாதத்தில் சாவி. அடுக்குமாடி என்றால் எச் அட்டவணை, 36 மாதம். தாமதமானால் விலையில் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு இழப்பீடு, நாள் கணக்கில். வீடமைப்புக் கட்டுப்பாட்டு அதிகாரி கால நீட்டிப்புக் கொடுத்துவிட்டார், இழப்பீடு கிடையாது என்று மேம்பாட்டாளர்கள் சொல்வது வழக்கமாக இருந்தது. கட்டுப்பாட்டு அதிகாரிக்கு அப்படி நீட்டிக்கும் அதிகாரத்தை அளித்த விதியே செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. வணிக நிலத்தில் சில வகை அலுவலக வீடுகள் விற்கிறார்கள். அவை இந்தச் சட்டத்துக்குள் வருகின்றனவா என்பதை உங்கள் சொந்த வழக்கறிஞரிடம் கேளுங்கள், விற்பனை அரங்கில் இலவசமாகக் கிடைக்கிற வழக்கறிஞரிடம் வேண்டாம். வணிக நிலம் என்றால் மின்சாரம், தண்ணீர், மதிப்பீட்டு வரி எல்லாம் கூடுதல் விகிதத்தில் வரக்கூடும்.

கட்டி முடியாமல் நின்றுபோனால்? மலேசியாவில் கட்டுமானம் ஏற ஏற வங்கி பணம் விடுவிக்கும். தூண் எழுந்து கூரை எழாமல் நின்றுபோன வீட்டுக்கும், விடுவித்த தொகைக்கு வட்டி ஓடும். இல்லாத வீட்டுக்குத் தவணை, இருக்கிற வீட்டுக்கு வாடகை என்று ஒன்பது ஆண்டு கட்டிய ஒரு பேரங்காடிக் காசாளரை எனக்குத் தெரியும். வீவகவின் வரிசையில் மூன்று, நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்கலாம். கொரோனாக் காலத்தில் அதுவும் நீண்டது. ஆனால் வீடு வந்து சேரும். இரண்டு நாட்டு விலைப்பட்டியலிலும் தெரியாத வேறுபாடு இது. அங்கே காத்திருப்பின் ஆபத்து அரசிடம், இங்கே அது வாங்குகிறவரின் தோளில்.

விற்கும்போது என்ன ஆகும் என்றும் கேளுங்கள். மலேசியக் குடிமக்கள் மூன்று ஆண்டுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு வரி; நான்காம் ஆண்டு 20, ஐந்தாம் ஆண்டு 15, அதற்கப்பால் இல்லை. ஆதாயம் இருந்தால்தான் வரி, அது ஒன்றுதான் அந்தத் தம்பதிக்குக் கிடைத்த ஆறுதல். தவணை தவறி ஏலத்துக்குப் போனால், கேட்க ஆளில்லாத ஒவ்வொரு முறைக்கும் ஏலம் தொடங்கும் குறைந்தபட்ச விலையைப் பத்து விழுக்காடு போலக் குறைத்துக்கொண்டே போவார்கள். எங்கள் ஊரில் லேலோங் என்போம். ஒரே கட்டடத்தில் நான்கு வீடு லேலோங் ஆகிவிட்டால், ஒழுங்காகத் தவணை கட்டுகிற மற்றவர் வீட்டுக்கும் நான் போடுகிற மதிப்பு இறங்கிவிடும். பாதி காலியான கட்டடத்தில் பராமரிப்புக் கட்டணமும் பாதிதான் வசூலாகும். மின்தூக்கி பழுதாவது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இன்னொன்று, பாலம் எப்போதும் திறந்திருக்கும் என்ற நம்பிக்கை. 2020 மார்ச் 18 அன்று அது மூடியது. நாளுக்கு மூன்று லட்சம் பேருக்கு மேல் கடந்த வழி. சிலர் மாற்றுடை இரண்டோடு அங்கேயே தங்கிவிட்டார்கள், ஜொகூரில் சொந்த வீடு பூட்டிக் கிடக்க, அங்கே ஓர் அறைக்கு வாடகை கொடுத்துக்கொண்டு. முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1. மாசாயில் ஒரு வீட்டை அந்த மாதம் அளக்கப் போனேன். வாசல் கேட்டில் கொடி படர்ந்து பூட்டையே மூடியிருந்தது. உரிமையாளர் இரண்டு ஆண்டு கழித்து முதல் முறையாக உள்ளே நுழைகிறார். சுவர் நாட்காட்டி 2020 மார்ச்சிலேயே நின்றிருந்தது. அவர் அதைக் கிழிக்காமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கு நான்கு கிலோமீட்டர் ரயில் பாதை, மணிக்கு ஒரு திசையில் பத்தாயிரம் பேர் என்ற கொள்ளளவோடு அமைகிறது. நிலையத்தைச் சுற்றியுள்ள வீடுகளின் விலை ரயில் ஓடுவதற்கு முன்பே பயணம் புறப்பட்டுவிட்டது. அந்தப் பகுதியில் மதிப்பீடு கேட்டு வருகிறவர்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "இன்னும் ஏறுமா?" நான் மதிப்பீட்டாளன், ஜோதிடன் இல்லை. இன்றைய தேதிக்கு மட்டும்தான் என் கையெழுத்து. குடியிருக்க வாங்குகிறவர் நிலையத்துக்கு நடந்து பார்க்கட்டும், மழையில் ஒரு முறை, காலை ஐந்து மணிக்கு ஒரு முறை. வாடகைக்கு விட வாங்குகிறவர், அதே எண்ணத்தோடு எத்தனை பேர் அதே கட்டடத்தில் வாங்கியிருக்கிறார்கள் என்று விசாரிக்கட்டும்.

அந்தத் தம்பதியின் முப்பது மாதம் 2025 செப்டம்பரில் முடிந்தது. அக்டோபர் பிடிஓ விற்பனையில் விண்ணப்பித்தார்கள். இதற்கிடையில் ஒரு பெண் குழந்தை பிறந்து, மனைவியின் பெற்றோர் வீட்டில் ஓர் அறையில் மூன்று பேராக இருக்கிறார்கள். முடிவு வந்த அன்று கணவர் வரிசை எண்ணைப் படமெடுத்து அனுப்பினார், நல்ல எண்தான். கூடவே இன்னொரு செய்தி: "அங்கிள், கூலாய் வீட்டில் அம்மா என் பெயரையும் சேர்க்கப் போகிறேன் என்கிறார். வக்கீலிடம் திங்கட்கிழமை கையெழுத்து. அது பரவாயில்லைதானே? வாங்குவது இல்லையே, கொடுப்பதுதானே?"

அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு உடனே அழைத்தேன். கொடையாக வந்தாலும் வீடு வீடுதான், திங்கட்கிழமை போக வேண்டாம் என்று அம்மாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள் என்றேன்.